பி0131, பி0171 இரண்டும் சேர்ந்து வருகின்றன: முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2016ஆம் ஆண்டு தயாரான 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர், பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) வகை. சில வாரங்களாகச் செக் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறது. மைலேஜ் கண்கூடாகக் குறைந்துவிட்டது. காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. சைலன்சர் முனையைத் தொட்டால் விரலில் கரி அப்பிக்கொள்கிறது. பட்டறை ஒன்றில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தபோது பி0131 (முன் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் தாழ்வு), பி0171 (கலவை லீன், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை) என்ற இரண்டு எரர் கோடுகள் வந்தன. முன் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, புதிது போட்டுவிடலாம் என்றார்கள்.

அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆயினும், சென்சார் விலை குறைவானதல்ல என்பதால் நானே ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று, லைவ் டேட்டா காட்டக்கூடிய கையடக்க ஸ்கேனர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு) பார்த்தால், முதல் சென்சார், அதாவது முன் சென்சார், 0.1 முதல் 0.2 வோல்ட்டுக்குள்ளேயே கிடக்கிறது. எப்போதாவது ஒருமுறை மேலே எழும்பிவிட்டு உடனே விழுந்துவிடுகிறது. இரண்டாவது சென்சார் 0.8 வோல்ட்டை ஒட்டி அசையாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் 99.2 சதவீதம் என்று ஓர் எண்ணும் தெரிகிறது, அது என்னவென்று புரியவில்லை. இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்? இப்போது பெட்ரோல் பங்குகளில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் கிடைக்கிறது என்பதால், அதன் காரணமாகவே லீன் கோடு வருகிறது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சாத்தியமா?

தரமணி மின்னணு எழுதியது:

வணக்கம். முதலில் உங்களைக் குழப்பிய 99.2 சதவீதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பழுதே அல்ல. ஓ.பி.டி. (வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் முறை) நெறிமுறையில் ஒவ்வொரு ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜுடனும் அதைச் சார்ந்த ஃப்யூயல் ட்ரிம் மதிப்பும், அதாவது பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற எண்ணும், சேர்ந்தே வரும். எரிபொருள் திருத்தத்துக்குப் பயன்படாத சென்சார் என்றால் அந்த இடத்தை இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மிக உயர்ந்த எண்ணால் நிரப்பி அனுப்புகிறது; ஸ்கேனர் அதைக் கணக்கிட்டு 99.2 என்று காட்டுகிறது. உங்கள் இரண்டாவது சென்சார், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருந்து அதன் வேலையைக் கண்காணிப்பது என்பதால் அப்படித்தான் காட்ட வேண்டும்.

இனி வோல்டேஜுக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருப்பது சிர்கோனியா வகை நேரோபேண்ட் சென்சாராகத்தான் இருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடான பிறகுதான் அது நம்பத்தக்க மின்னழுத்தம் தரும். அதற்காகவே உள்ளே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், அதாவது கலவை லீனாக இருந்தால், 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுதியாக, இருந்தால் 0.8, 0.9 வரை ஏறும். நடுக்கோடு 0.45. நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் முதல் சென்சார் எந்த இடத்திலும் நிலைத்து நிற்காமல் இந்த இரு எல்லைகளுக்கும் இடையில் ஓயாமல் ஊசலாட வேண்டும், ஏனென்றால் இ.சி.யு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறது. ஆகவே உங்கள் சென்சார் சொல்வது "லீன், லீன்" என்பதுதான். அது உண்மையா என்பதே கேள்வி.

கையடக்க ஸ்கேனரில் ஒரு குறைபாடு உண்டு. பத்துப் பதினைந்து அளவுகளைத் திரையில் வைத்துக்கொண்டால், அது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக் காட்டுவதால், நொடிக்குள் நடக்கும் ஊசலாட்டத்தில் பாதி தவறிப்போகும். நன்றாக இருக்கும் சென்சார்கூட மந்தமாக இருப்பதுபோல் தோன்றும். எனவே முதல் சென்சாரையும் ஷார்ட் டெர்ம் ட்ரிம்மையும் (இ.சி.யு. உடனுக்குடன் செய்யும் திருத்தம்) மட்டும் தேர்ந்தெடுத்து வரைபடமாகப் பாருங்கள். எரர் கோடுகளை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அழித்தால் கோடு பதிவான நேரத்து ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும், இ.சி.யு. கற்றுவைத்திருக்கும் லாங் டெர்ம் ட்ரிம்மும் சேர்ந்து போய்விடும்.

இ20 பற்றி: தூய பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7, இ10 என்றால் ஏறத்தாழ 14.1, இ20 என்றால் ஏறத்தாழ 13.5. அதாவது இ10லிருந்து இ20க்கு மாறும்போது இ.சி.யு. நான்கு சதவீத அளவில் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டியிருக்கும். அதை ட்ரிம்மில் காணலாம். அது மட்டுமே பி0171 வரவழைக்கும் அளவுக்குப் போகாது. ஆனால் வேறு காரணத்தால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வண்டியை அது தள்ளிவிடக்கூடும்.

ட்ரிம் எண்களை ஐடிலிங்கிலும் 2,500 ஆர்.பி.எம்.மிலும் தனித்தனியே குறித்துப் போடுங்கள். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து ஆர்.பி.எம். ஏறும்போது குறைந்தால், இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும்) பக்கம் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள் கொள்ளலாம்.

அம்பத்தூர் பட்டறை எழுதியது:

தரமணி ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். கடைசி வரியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இன்டேக் கசிவு பற்றிய அந்த விதி, உள்ளே போகும் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கும் இன்ஜின்களுக்குப் பொருந்தும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் அந்தச் சென்சார் கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துத்தான் இ.சி.யு. காற்றைக் கணக்கிடுகிறது. அப்படிப்பட்ட இன்ஜினில் ஒரு வேக்குவம் குழாய் விரிசல் விட்டால், கசிந்து வரும் காற்றும் அழுத்தமாகப் பதிவாகிவிடுவதால் அதற்கேற்ற பெட்ரோலும் சேர்ந்தே போய்விடும். ட்ரிம் அவ்வளவாக நகராது; ஐடிலிங் வேகம்தான் ஏறி நிற்கும். மேப் சென்சார் வண்டியில் ட்ரிம் மட்டும் தாறுமாறாக ஏறியிருந்தால் நான் இன்டேக் பக்கம் தேடுவதைப் பின்னுக்கு வைத்துவிடுவேன்.

வேளச்சேரி நண்பரே, உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது வேறொன்று. முதல் சென்சார் லீன் என்கிறது. ஆனால் இரண்டாவது சென்சார் 0.8இல் நின்று ரிச் என்கிறது. பெட்ரோல் வாடையும் ரிச் என்கிறது. சைலன்சர் முனையில் உள்ள கரியும் ரிச் என்கிறது. மூன்று சாட்சிகள் ஒன்றைச் சொல்ல, ஒரு சாட்சி மட்டும் வேறொன்றைச் சொன்னால், அந்த ஒருவரைத்தான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இன்ஜினுக்குள் கலவை உண்மையில் லீன் அல்ல. முதல் சென்சார் லீன் என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் இ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. மைலேஜ் குறைந்தது அதனால்தான்.

இது இரண்டு வழிகளில் நேரலாம். ஒன்று, பட்டறையில் சொன்னதுபோல் சென்சாரோ அதன் வயரோ கெட்டிருக்கலாம். மற்றொன்று, சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) அதன் கேஸ்கெட்டிலோ கசிவு இருக்கலாம். எக்ஸாஸ்ட் குழாயில் எப்போதும் உள்ளிருந்து வெளியேதானே அழுத்தம் இருக்கும், காற்று எப்படி உள்ளே போகும் என்று பலர் கேட்பார்கள். புகை சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வால்வைத் திறக்கும்போது ஓர் உந்தலாக வருகிறது. இரண்டு உந்தல்களுக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்த இடைவெளியில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சாருக்கு அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அது இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஐடிலிங்கில் உந்தல்கள் இடைவெளிவிட்டு வருவதால் இந்த விளைவு அதிகம், ஆர்.பி.எம். ஏறினால் குறையும்.

இரண்டையும் பிரித்தறிய உங்கள் ஸ்கேனரே போதும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திச் செய்யுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் இன்ஜினை நெடுநேரம் ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஸ்கேனர் குளோஸ்டு லூப் (சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்தும் நிலை) என்று காட்டிய பிறகு, 2,500 ஆர்.பி.எம்.மில் நிலையாகப் பிடித்து முதல் சென்சார் ஊசலாடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். மிதிக்கும்போது சென்சார் 0.8க்கு மேல் தாவ வேண்டும். விட்டதும் பெட்ரோல் நின்றுபோவதால் 0.1 அளவுக்கு விழ வேண்டும். இரண்டையும் தயக்கமில்லாமல் செய்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. மறுநாள் காலை, முதல்முறை கிளப்பும்போது பானெட்டைத் திறந்துவைத்து மேனிஃபோல்டு பக்கம் காது கொடுங்கள். கேஸ்கெட் கசிந்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். இரும்பு சூடாகி விரிந்ததும் அது அடங்கிவிடும்.

அண்மையில் புகைச் சோதனை செய்திருந்தால் அந்தத் தாளையும் எடுத்துப் பாருங்கள். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

வேளச்சேரிவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே வேளச்சேரி ஏரிக்கரைப் பக்கம் திறந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். என் வண்டியில் இருப்பது மேப் சென்சார்தான்; ஐடிலிங் 750 முதல் 800 ஆர்.பி.எம்.மில் சீராக இருக்கிறது. அந்த வேகத்தில் ஷார்ட் டெர்ம் ட்ரிம் +10 சுற்றி, லாங் டெர்ம் ட்ரிம் +18. முதல் சென்சார் 0.08க்கும் 0.25க்கும் இடையில். ஆனால் 2,500இல் பிடித்ததும் படமே மாறிவிடுகிறது: முதல் சென்சார் 0.1க்கும் 0.8க்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்குகிறது, ஷார்ட் டெர்ம் ட்ரிம் மைனஸ் பக்கம் போகிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.86 வரை தாவுகிறது; விட்டால் 0.05க்கு இறங்குகிறது. ஃப்ரீஸ் ஃப்ரேமில் ஆர்.பி.எம். 780, வேகம் பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது. காலையில் சத்தம் கேட்டேன். மெல்லிய டிக் சத்தம் இருக்கிறது, ஆனால் அது இன்ஜெக்டர் சத்தமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்பத்தூர் பட்டறை எழுதியது:

இந்த எண்களைப் பார்த்த பிறகு சென்சாரை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே செத்த சென்சார் 2,500இல் உயிர்த்தெழாது. ஷார்ட் டெர்ம் மைனஸுக்குப் போவதைக் கவனியுங்கள்: ஐடிலிங்கில் கற்றுக்கொண்ட கூடுதல் பெட்ரோலை, சென்சார் உண்மை சொல்லத் தொடங்கியதும், இ.சி.யு. திரும்ப எடுத்துக்கொள்கிறது. கோடு பதிவானதும் வண்டி நின்றிருந்தபோதுதான். ஐடிலிங்கில் மட்டும் பொய், மேலே உண்மை என்றால் அது எக்ஸாஸ்ட் கசிவின் கையெழுத்து. பெட்ரோல் பம்ப் பலவீனம் என்றால் இதற்கு நேர்மாறாக, வண்டி இழுக்கும்போதுதான் ட்ரிம் ஏறியிருக்கும்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு மேனிஃபோல்டின் மேல் உள்ள ஹீட் ஷீல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் ஹெட்டோடு அது சேரும் விளிம்பு முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் உலோகத்தின் மேல் விசிறி விரித்ததுபோல் கறுப்பாகப் புகைத்தடம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால், காற்றை வெளியே ஊதக்கூடிய வேக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் முனையில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் கசிவு தேடுவதை எக்ஸாஸ்ட் பக்கம் ஒருபோதும் செய்யாதீர்கள். சூடான மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும்.

மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் நட்டுகளையும் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் பழைய நட்டுகள் துரு ஏறி இறுகிக்கிடக்கும். பலம் கொண்ட மட்டும் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும், பிறகு சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கரணை எழுதியது:

இடையில் ஒன்று கேட்கலாமா? எங்கள் தெருவில் மழைநீர் தேங்கி, கார் அடிப்பாகம் வரை தண்ணீரில் நின்றது. அதன் பிறகு பி0141 என்ற கோடு வருகிறது. ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. இதற்கும் இதே சோதனைகள் பொருந்துமா?

தரமணி மின்னணு எழுதியது:

உங்களுடையது வேறு வகை. பி0141 என்பது இரண்டாவது சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டைக் குறிப்பது. கலவையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. முதல் சென்சாரின் கனெக்டர் பெரும்பாலும் பானெட்டுக்குள் உயரத்தில் இருக்கும், இரண்டாவதன் கனெக்டரோ வண்டியின் அடிப்பக்கம் இருக்கும். நீரில் நின்ற வண்டியில் அதுதான் முதலில் நனையும். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றிப் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு வயர்களில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு பொதுவாக ஹீட்டருடையவை. சென்சார் பக்கம் அவற்றுக்கிடையே மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் அளந்தால் சில ஓம்கள் காட்ட வேண்டும். முடிவிலி என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருந்தால், இன்ஜினை ஓடவிட்டு வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

கனெக்டரைச் சுத்தம் செய்த பின் உள்ளே கிரீஸ் அடைத்துவிடாதீர்கள். இந்தச் சென்சார் புகையில் உள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பல வகைகளில் அந்த வெளிக்காற்று வயர் இழைகளின் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை அடைத்தால் நல்ல சென்சாரும் தாழ்வாகக் காட்டும். மாற்றுவதாக இருந்தால் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே கதவு, பம்பர் வாங்கலாம். எவ்வளவு ஓடியது, எந்தப் புகையைக் குடித்தது என்று தெரியாத சென்சாரை வாங்குவதில் பொருளில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வண்டியின் பாகம் எண்ணைச் சொல்லிப் புதிதாகவே கேளுங்கள்.

வேளச்சேரிவாசி எழுதியது:

கண்டுபிடித்துவிட்டோம். நான்காவது சிலிண்டர் பக்கத்து நட்டு ஒன்று விரலாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, ஐயா சொன்னபடியே, ஹெட்டின் அலுமினியத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் தடம். கேஸ்கெட் அந்த இடத்தில் அரித்து மெலிந்திருந்தது. புதிய கேஸ்கெட்டும் நட்டுகளும் போட்டாயிற்று. சென்சாரைத் தொடவில்லை. கோடுகளை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்ததில், ஐடிலிங்கிலேயே முதல் சென்சார் இப்போது 0.1க்கும் 0.8க்கும் இடையில் ஊசலாடுகிறது. லாங் டெர்ம் ட்ரிம் +4ஐ ஒட்டி நிற்கிறது. அந்த +4 இ20ஆல் வருவதாக எடுத்துக்கொள்ளலாமா?

அம்பத்தூர் பட்டறை எழுதியது:

மகிழ்ச்சி. +4 என்பது இ20 ஓடும் பி.எஸ்.4 வண்டிக்கு இயல்பானதுதான். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் கோடுகளை அழித்தபோது ட்ரிம்மும் பூஜ்யத்துக்குப் போய்விட்டதால், இன்னும் சில நாள் நகர நெரிசலிலும் நீண்ட ஓட்டத்திலும் ஓட்டிய பிறகு மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். அதுவே இனி உங்கள் வண்டிக்கான அடிப்படை எண்.

பார்க்க வேண்டியது ஒன்று மீதியிருக்கிறது. இவ்வளவு காலம் ரிச்சாக ஓடியதில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கக்கூடும். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டி நிதானமான வேகத்தில் ஓட்டி, கன்வர்ட்டர் நன்றாகச் சூடான நிலையில், பக்கத்தில் வேறொருவரை உட்காரவைத்து இரண்டாவது சென்சாரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 0.6, 0.7 வோல்ட்டில் பெரிதாக அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் பிழைத்துவிட்டது. முதல் சென்சாரைப் போலவே அதுவும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் பி0420 (கன்வர்ட்டரின் திறன் குறைவு என்ற கோடு) வரும். அப்போது அந்த எண்களோடு இங்கேயே எழுதுங்கள், கன்வர்ட்டரை மாற்றச் சொல்வதற்கு முன் பின்பக்க இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.